டைலரின் மூக்கில் அட்டை இல்லை

தம்பி,

நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். என் முழங்காலும் அவளுடைய சீனி வியாதியும் போன கடிதத்தில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மெல்பர்னிலிருந்து நீ போன் எடுத்தாய் அல்லவா, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் வீட்டு நாய் பிஸ்கட்டின் மூக்குக்குள் வந்திருப்பது புற்றுநோய் என்றும், அதற்குக் கதிர் வைக்கிறார்கள் என்றும், பதினாறு தடவையில் எட்டு முடிந்துவிட்டது என்றும் சொன்னாய். எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப் போகிற நேரத்தில் ஒன்று கேட்டாய். "அப்பா, அன்னைக்கு நான் அவசரப்பட்டு இழுக்காம இருந்திருந்தா டைலரு மூக்குல இருந்த அட்ட முழுசா வந்திருக்கும்ல?" நான் "ம்" என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அந்த "ம்" பச்சைப் பொய். நம் தோட்டத்து வீட்டு நாய் டைலரின் மூக்கில் அட்டை இருக்கவே இல்லை. பிஸ்கட்டுக்கு வந்திருக்கிற அதே நோய்தான் அவனுக்கும் வந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். நீ கையை வைப்பதற்கு ஆறு வாரத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னிடம் அட்டை, அட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாகிவிட்டது, நீ அதையெல்லாம் மறந்திருப்பாய் என்று நினைத்தேன். முப்பத்தொரு வயசில், படித்து முடித்து, ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகி, இன்னும் நீ அந்த நாயைக் கொன்றவன் நீதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது போன ஞாயிறுதான் எனக்குத் தெரிந்தது. "போன்ல சொல்ல வாய் வரலன்னா எழுதித் தொலைங்க, புள்ள தலையில தூக்கி வச்ச கல்ல நீங்கதானே எறக்கணும்" என்று உன் அம்மா மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கே நான் ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னேன். வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், ஒரு தடவையாவது இதைச் சாமியாரிடம் சொன்னதில்லை. நாய் விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பொறுமையாக வாசி. அப்போது நாம் பசறைக்கு மேலே, நமுனுகுல மலையடித் தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுப்பவன், அவ்வளவுதான். சிவப்பு மருந்து, வெள்ளை மருந்து, புண்ணுக்குக் கட்டு. ஆனால் லயத்து வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் எல்லாம் என்னை "டொக்டரய்யா" என்றுதான் கூப்பிடும். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் கொஞ்சம் தலை வீங்கிப்போயிருந்தது. எனக்குத் தெரியாது என்ற வார்த்தையை அந்தத் தோட்டத்தில் இருந்த இருபத்துமூன்று வருஷத்தில் நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகமில்லை. உனக்கு ஆறு வயசிருக்கும்போது ஒரு குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். முதுகில் கோடு கோடாக இருந்ததால் டைகர் என்று பெயர் வைத்தாய். பிறகு ரோட்டில் செக்பொயின்ட் எல்லாம் வந்த காலத்தில் ஒருநாள், ஆமிக்காரனுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு "டைகர்! டைகர்! ஓடி வா!" என்று தொண்டை கிழியக் கத்தினாயே, மடப்பயலே, அன்றைக்கு என் உயிர் போய் வந்தது. அன்று மாலையிலிருந்து அவன் டைலர். பாவம், அவன் அதற்கும் வாலை ஆட்டினான்.

உனக்குப் பதின்மூன்று வயசில், ஒரு சனிக்கிழமை அவனை ஓடையில் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் காலையில் அவனுடைய இடது மூக்கில் இரத்தம். நம் பக்கத்தில் நாய்க்கோ மாட்டுக்கோ ஒற்றை மூக்கில் இரத்தம் வந்தால் யாரும் இரண்டு தரம் யோசிக்கமாட்டார்கள். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது நூல் மாதிரி ஒரு குட்டி அட்டை மூக்குக்குள் ஏறிவிடும், உள்ளேயே இருந்து குடித்துப் பருக்கும். எத்தனையோ மாட்டுக்கு நானே எடுத்துவிட்டிருக்கிறேன். என்னோடு டிஸ்பென்சரியில் வேலை செய்த காத்தமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட்டதாங்க டொக்டரய்யா, வேற என்னா? அரை நாளைக்குத் தண்ணி காட்டாதீங்க. அப்பறம் பீலியில ஓடி வர்ற தண்ணிய ஒரு கோப்பையில புடிச்சி மூக்குக்குக் கீழ காட்டுங்க. குடிக்க மட்டும் வுட்றாதீங்க. தண்ணி வாடைக்கு அது தானா தலைய நீட்டும், இடுக்கியால லபக்குன்னு புடிச்சிரலாம்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அதையேதான் செய்திருப்பேன். அந்தக் கோப்பையை உன் கையில் கொடுத்ததும் நான்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைப் போட்டுவிட்டு அவன் முன்னால் குந்தியிருப்பாய். நாக்கு வறண்டு போய் அவன் தண்ணீரைப் பார்ப்பான், நீ அவன் மூக்கைப் பார்ப்பாய். அரை மணி, முக்கால் மணி. அட்டை வரவில்லை. உப்புத் தண்ணீர் விட்டேன், புகையிலைத் தண்ணீர் விட்டேன். அவன் தும்மித் தும்மித் தரையெல்லாம் இரத்தமாக்கினான். நான் மறுபடியும் விட்டேன். இந்த மூன்று வாரத்துக்கு என்னை மன்னிக்கலாம். உண்மையிலேயே அட்டை என்று நம்பித்தான் செய்தேன்.

நாலாவது வாரம் அவன் வாயால் மூச்சு விடத் தொடங்கினான். இரண்டு கண்ணுக்கும் நடுவில் எலும்பு மேடாகத் தெரிந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள், தேயிலைக் கொழுந்துச் சாக்கை விரித்து அவனைத் தோட்டத்து லொறியில் ஏற்றி, பதுளைக்குக் கொண்டுபோனேன். அங்கே அப்போது மிருக வைத்தியராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "இது அட்டை இல்லை ஐயா" என்றார். "மூக்குக்குள்ள வளர்ச்சி. புற்றுநோய். எலும்பையும் தின்னத் தொடங்கிட்டுது." ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டேன். "வெளிநாட்டில நாய்களுக்குக் கதிர் வைக்கினம் எண்டு வாசிச்சிருக்கிறன். அதிலயும் முழுசா மாறாதாம், கொஞ்சக் காலம் இழுக்குமாம். இஞ்ச மனுசருக்கே கதிர் வைக்கக் கொழும்புப் பக்கம் ஓட வேண்டிக் கிடக்கு. நாய்க்கு ஆர் வைக்கிறது?" பிறகு டைலரின் காதைத் தடவிக்கொண்டே, "உப்புத் தண்ணி ஒண்டும் விடாதேங்கோ. புண்ணில உப்பு விட்டா எப்பிடி எரியும்? நீங்கள் ஓமெண்டா இப்பவே ஒரு ஊசி போட்டு விடுறன். இதுக்கு நோகாது, நித்திரையிலயே போயிடும்" என்றார்.

தம்பி, அந்த இடத்தில்தான் நான் செய்த குற்றம் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. எனக்கு அவர் சொன்னது விளங்கியது. வேறு யாராவது தங்கள் நாயைக் கொண்டுவந்து என்னிடம் கேட்டிருந்தால், ஊசியைப் போடுங்கள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து டைலர் எங்கே என்று கேட்பாய், அந்த நேரம் உன் முகத்தை நான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பயந்தேன். "மகன் வரட்டும் டொக்டர், அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். லொறி வந்து நின்றபோது நீ தேயிலை ஸ்டோர் வாசலில் நின்றாய். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அட்ட தெரிஞ்சதாப்பா?" என்றாய். அந்த மூஞ்சியில் அவ்வளவு ஆசை. நான், "தெரிஞ்சதுடா, கொஞ்சம் உள்ளுக்க இருக்காம். விடாம தண்ணி காட்டச் சொன்னாரு" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு வாரம் போனது.

உப்புத் தண்ணீரை நிறுத்திவிட்டேன், அது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம். இன்னொன்றும் செய்தேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்கு முன்னால் அவனுக்கு வயிறு நிறையத் தண்ணீர் கொடுத்துவிடுவேன், தாகத்தில் தவிக்கக் கூடாதே என்று. நீ வந்து கோப்பையைப் பிடித்தால் அவன் தலையைத் திருப்பிக்கொள்வான். "அப்பா, டைலருக்குத் தாகமே இல்லப்பா, ரொம்பச் சீரியஸ் போல" என்று நீ அழுதாய். உன்னைச் சமாதானப்படுத்தக்கூட எனக்கு வழி இல்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த வாயில்லா சீவன ஏன்தான் இந்தப் பாடு படுத்துறீங்களோ, அப்பனும் மகனும்" என்று கத்துவாள். நான் "ஒனக்கு என்னா தெரியும், சும்மா இரு" என்பேன். டொக்டரய்யா அல்லவா. இதில் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது ஒன்றுதான். நீ கோப்பையை எடுத்த சத்தம் கேட்டதும் அவன் எழும்பி, தள்ளாடிக்கொண்டு, தானாகவே உன் முன்னால் வந்து படுத்துக்கொள்வான். நீ அவனுக்கு என்ன செய்தாலும் நல்லதுதான் செய்வாய் என்று நினைத்திருப்பான்.

பிறகு அந்த நாள் வந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஓடி வந்தாய். கையில் இடுக்கி, அதன் முனையில் கறுப்பாக ஏதோ. "புடிச்சிட்டேன்பா! தலைய நீட்டிச்சி, புடிச்சிட்டேன்! ஆனா பாதியில அறுந்திருச்சி!" உன் சட்டை முழுக்க இரத்தம். அது அட்டை இல்லை, தம்பி. கட்டியிலிருந்து மூக்கு வாசலுக்கு வந்திருந்த சதையும் உறைந்த இரத்தமும். எப்படியும் அது தானாக உடைந்து இரத்தம் ஓடியிருக்கும், அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம். நான் போய்ப் பார்த்தபோது டைலர் அதே இடத்தில் படுத்திருந்தான். உன்னைக் கடிக்கவுமில்லை, ஓடவுமில்லை. துணி வைத்து அழுத்தினேன், குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கச் சனம் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் போய்விட்டான். ஸ்டோருக்குப் பின்னால், சவுக்கு மரத்தடியில் குழி வெட்டினோம். மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நீ கேட்டாய், "நான் இழுத்ததுனாலயாப்பா?" என்று.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இல்லடா, அட்ட ரொம்ப உள்ள போயிருச்சி" என்றேன். உன் மனசை ஆற்றுவதாக நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். நீ என்ன புரிந்துகொண்டிருப்பாய்? நீ இழுத்ததால்தான் அது உள்ளே போனது என்று. அதற்குப் பிறகு நீ ஓடைப் பக்கம் போகவில்லை. அடுத்த தவணையில் பதுளை ஹொஸ்டலுக்குப் போகிறேன் என்று நீயே கேட்டுப் போனாய். பையனுக்குப் படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று காத்தமுத்துவிடம் பெருமையடித்தேன். லீவில் வந்தால் லயத்து நாய்கள் காலைச் சுற்றும், நீ கையை நிக்கர் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பாய். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது பிஸ்கட்டுக்கு வருகிறேன். நீ சொன்னதையெல்லாம் உன் அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னேன், அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசி. தலை அசையாமல் ஓர் அச்சுக்குள் வைத்து, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கதிரை விடுவார்கள். வாய்க்குள் புண்ணாகும், அந்தப் பக்கத்துக் கண் காய்ந்து போகலாம், மூக்கு மேல் ரோமம் உதிர்ந்து பிறகு வெள்ளையாக முளைக்கும். இத்தனையும் தாங்கினால் ஒரு வருஷம், கூடிப்போனால் அதற்கு மேல் கொஞ்சம், பிறகு கட்டி திரும்ப வரும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்றாய். நல்ல டொக்டர். இரத்தம் நின்றுவிட்டது, மூச்சு நன்றாக விடுகிறான் என்றும் சொன்னாய். சந்தோஷம். அது உண்மையான வைத்தியம், என் கோப்பைத் தண்ணீரோடு அதைச் சேர்த்துப் பேச எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் இன்னொன்றும் சொன்னாய். கார் சாவிச் சத்தம் கேட்டால் அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான், இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்று. அதைச் சொல்லும்போது உன் குரல் பதின்மூன்று வயசில் நான் கேட்ட அதே குரலாக இருந்தது.

நிறுத்து என்றோ முடி என்றோ சொல்ல எனக்கு வாயில்லை. எட்டோடு நிறுத்தினாலும் அவன் போய்விடுவான், பதினாறும் முடித்தாலும் போய்விடுவான், அதில் ஆறுதல் சொல்ல ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்போது பதினாறும் முடிந்துதான் இருக்கும். பிறகு ஒருநாள் கட்டி திரும்ப வந்து, இன்னொரு தரம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நீ மட்டும் முடிவெடு. அன்றைக்கு அவசரப்பட்டோமே, இன்றைக்கு எதையும் விட்டுவிடக் கூடாது என்று டைலரை நினைத்து பிஸ்கட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதே. டைலருக்கு நீ ஒரு கடனும் படவில்லை. ஊசி போட வேண்டிய நாள் வந்தால் போட்டுவிடு. நான் லொறியில் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவராதே. அந்த ஆறு வாரத்தில் டைலருக்கு ஒரு நல்ல நாள்கூட இருக்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், எனக்குத் தெரியும்.

இதோடு முடித்திருப்பேன். முடிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் வந்தது நீ இல்லை, என் பேத்தி மீரா. நம்பரைப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டு நீ கராஜில் ஏதோ வேலையாக இருந்தாய். குளிர்பெட்டிக் கதவில் கலண்டர் மாட்டியிருக்கிறதாம், பிஸ்கட் ஒவ்வொரு தடவை போய் வந்ததும் அவள் ஒரு ஸ்டார் ஒட்டுகிறாளாம். "பிஸ்கட்டுக்குப் பெரிய தடிமன் தாத்தா, மூக்கு அடைச்சிருக்கு. சிக்ஸ்டீன் ஸ்டார் வந்தா நல்லாயிடும்னு அப்பா சொன்னாங்க" என்றாள். நான் சரியம்மா என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாத்தா, ஒரு சீக்ரெட். அப்பாகிட்ட சொல்லக் கூடாது. செவ்வாய்க்கிழமை நான் ஒட்ட மறந்துட்டேன். அடுத்த நாள் ரெண்டு ஒட்டினேன். அதனால பிஸ்கட்டுக்கு நல்லாகாம போயிடுமா?" என்று கேட்டாள்.

ஐந்து வயசுப் பிள்ளை. ஆகாது கண்ணு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "அப்பாவைக் கூப்பிடும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே கூப்பிடவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் "அப்பா" என்று கத்தினாள்.

போன் எடுத்தே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேற்று பசறை டவுனுக்குப் போய் எடுத்தேன். நீ "ஹலோ, ஹலோ" என்றாய். வைத்துவிட்டேன். அது நான்தான். உன் அம்மாவிடம் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். இதை வாசித்ததும் மீராவைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல். நோயின் பெயரைச் சொல், பிஸ்கட் போய்விடுவான் என்பதைச் சொல், ஸ்டாருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல். அழுவாள், அழட்டும். அவள் என்னிடம் கேட்டு இன்றோடு நாலு நாளாகிறது. இது உன் கைக்கு வந்து சேர இன்னும் பத்து நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை மிச்ச ஸ்டார்களையும் ஒட்டிவிட்டு, அந்தச் செவ்வாய்க்கிழமையை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு இருப்பாள்.

உன் அப்பா